எக்செல்லில் விடுபட்ட 15,841 பேர்: இங்கிலாந்து 2020, ஒரு நிகழ்வு ஆய்வு

2020 அக்டோபர் 2, வெள்ளிக்கிழமை இரவு. கோவிட் பரிசோதனை முடிவுகளை ஆய்வகங்களிடமிருந்து வாங்கி மையத் தரவுத்தளத்துக்கு ஏற்றும் வழியில் ஒரு கோளாறு இருப்பதை அரசின் பொதுச் சுகாதார அமைப்பான 'பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து' (இனி பி.எச்.இ.) கண்டுபிடித்தது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை தொற்று உறுதியான 15,841 பேர் அன்றாடக் கணக்கில் சேரவில்லை. அதைவிட மோசம், அவர்களோடு நெருங்கிப் பழகியவர்களைத் தேடிப்பிடித்து எச்சரிக்கும் 'என்.எச்.எஸ். டெஸ்ட் அண்ட் ட்ரேஸ்' (இனி தேடல் பிரிவு) பணியாளர்களின் கைக்கும் அந்தப் பெயர்கள் போகவில்லை. நோயாளிகளுக்குத் தங்கள் முடிவு வழக்கம்போலத் தெரிந்துவிட்டது. அவர்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் தகவல் போகவில்லை.

தொற்றாளரோடு பழகியவர் 14 நாள் தனித்திருக்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் அன்றைய விதி. ஒரு வாரம் கழித்து அழைப்பு வந்தால் அதில் பாதி ஏற்கனவே கரைந்திருக்கும். விடுபட்ட அனைவரின் விவரமும் அக்டோபர் 3 அதிகாலை 1 மணிக்குள் தேடல் பிரிவுக்கு மாற்றப்பட்டது. அக்டோபர் 5 அன்று சுகாதார அமைச்சர் மேட் ஹான்காக் நாடாளுமன்றத்தில் பேசும்போது, அவர்களில் 51 சதவீதம் பேரைத்தான் தேடல் பிரிவு தொடர்புகொண்டு முடித்திருந்தது. இந்தத் தாமதத்தின் விளைவை தீமோ ஃபெட்சர், தாமஸ் கிரேபர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். 1,25,000-க்கு மேற்பட்ட கூடுதல் தொற்றுகளும் 1,500-க்கு மேற்பட்ட கூடுதல் மரணங்களும் இதோடு தொடர்புடையவை என்பது அவர்கள் மதிப்பீடு.

'பழைய எக்செல் கோப்பு வகையைப் பயன்படுத்திவிட்டார்கள்' என்ற ஒரு வரியில் இந்த நிகழ்வை முடித்துவிடுவது வழக்கம். அந்த வரி உண்மைதான். ஆனால் ஓர் அலுவலகம் நம்பி இயங்கும் அளவுக்கு எக்செல்லில் செயலி எழுதுகிறவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. கோப்பு வகையை மட்டும் மாற்றியிருந்தால் அதே ஓட்டை வேறோர் அளவில் திரும்பத் திறந்திருக்கும். கீழே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டு நாளில் ஏழு நாள் ஆட்கள் விடுபட்டும் எந்தத் திரையும் சிவக்கவில்லை என்றால், உள்ளே வந்தது எத்தனை, வெளியே போனது எத்தனை என்று ஒப்பிட்டு நிறுத்தும் இடம் அந்த வழியில் இருக்கவில்லை என்று பொருள். இந்த ஆய்வு முழுக்க அந்த இடத்தைப் பற்றியதுதான்.

1,400 என்ற எல்லை

தனியார் ஆய்வகங்கள் முடிவுகளை சி.எஸ்.வி. கோப்புகளாக அனுப்பின. அது வெறும் எழுத்துக் கோப்பு. எத்தனை வரிசை வேண்டுமானாலும் இருக்கலாம். பி.எச்.இ. அவற்றைத் தானியங்கி முறையில் எக்செல் வார்ப்புருக்களுக்குள் இழுத்து, அங்கிருந்து மையத் தரவுத்தளத்துக்கு ஏற்றியது. வார்ப்புரு எக்ஸ்.எல்.எஸ். எனும் பழைய வகை. அந்த வகையில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசை, 256 நெடுவரிசை. எக்செல் 97 காலத்து அளவு. 2007-இல் வந்த எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். வகையில் அது 10,48,576 வரிசை, 16,384 நெடுவரிசையாக உயர்ந்துவிட்டது.

65,536 வரிசை இருந்தும் ஒரு வார்ப்புருவில் ஏறத்தாழ 1,400 பேர்தான் கொள்ள முடிந்தது என்று அப்போது செய்தி வந்தது. ஒவ்வொரு பரிசோதனை முடிவும் பல வரிசைகளாக விரிந்ததுதான் காரணம். 65,536-ஐ 1,400-ஆல் வகுத்தால் ஆளுக்குச் சராசரி 47 வரிசை.

இந்த 47-ஐ வைத்து மூன்று கணக்கு போடலாம். தலைப்பு வரிசை போக 65,535 வரிசையில் முழுதாக அடங்குவது 1,394 பேர். அவர்களுக்கு 65,518 வரிசை. மீதி 17 வரிசையில் 1,395-ஆவது ஆள் பாதியில் அறுபடுவார். அதாவது விளிம்பில் 'முழுதாக விடுபட்டவர்' தவிர 'அரைகுறையாக ஏறியவர்' என்ற இன்னொரு வகையும் உருவாகும். வரிசைகளை மட்டும் எண்ணினால் இவர் தென்பட மாட்டார்; ஆட்களையும் எண்ண வேண்டும்.

இரண்டாவது, ஒரு கோப்பை எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். வகைக்கு மாற்றினால் கிடைப்பது 10,48,575 வகுத்தல் 47, அதாவது 22,310 பேர். 2021 ஜனவரி 8 அன்று பிரிட்டன் முழுவதும் அறிவிக்கப்பட்ட ஒரே நாள் எண்ணிக்கை 68,053. ஒரு நாள் கணக்கு ஒரே கோப்பில் போயிருந்தால் பத்து லட்சம் வரிசையும் மூன்று மாதத்தில் போதாமல் போயிருக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆளுக்கு ஒரு வரிசை என்று தரவை அமைத்திருந்தால் அதே பழைய வகைக் கோப்பில் 65,535 பேர் அடங்கியிருப்பார்கள். விடுபட்ட 15,841 பேரையும் நான்கு முறை எழுதலாம். தரவின் வடிவம் கோப்பு வகையைவிடப் பெரிய முடிவு. முதல் நாளே அதை எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் எழுதப்படும் ஒவ்வொரு சூத்திரமும் அந்த வடிவத்தை நம்பியே நிற்கும்.

எக்செல் ஏன் சத்தம் போடவில்லை

மனிதர் கையால் ஒரு பெரிய சி.எஸ்.வி. கோப்பைத் திறந்தால், தரவு முழுதாக ஏறவில்லை என்று எக்செல் சொல்லும். பெரிய ஷீட்டைப் பழைய வகையில் சேமித்தால், எல்லைக்கு வெளியே உள்ளவை போய்விடும் என்று எச்சரிக்கும். மேக்ரோ (எக்செல்லைத் தானாக இயக்க அதற்குள் எழுதும் நிரல்) வழியாக நடக்கும்போது இந்த எச்சரிக்கைகள் காணாமல் போகும் வழிகள் பல. எக்செல் செயலிகளில் அன்றாடம் பார்க்கிறவை இவை.

'டிஸ்ப்ளே அலர்ட்ஸ்' என்ற பண்பை ஃபால்ஸ் ஆக்கினால் எல்லா எச்சரிக்கைப் பெட்டிகளுக்கும் எக்செல் தானே ஒரு பதிலை எடுத்துக்கொண்டு மேலே போகும். இரவில் ஆளில்லாமல் ஓடும் மேக்ரோவுக்கு இது தேவைதான். பெட்டி வந்து நின்றால் வேலை நின்றுவிடும். ஆனால் அந்தப் பெட்டியில் இருந்த செய்தியை வேறெங்காவது பிடித்து வைக்காமல் அணைப்பது, புகை உணரியின் பேட்டரியைக் கழற்றுவது போன்றது.

'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்', அதாவது பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்ற கட்டளை, இன்னும் ஆபத்து. 65,537-ஆவது வரிசையில் எழுத முயன்றால் எக்செல் 1004 என்ற பிழையை எழுப்பும். அந்த ஒரு வரி மேக்ரோவின் தலையில் இருந்தால் பிழை விழுங்கப்படும், சுற்று தொடரும், அடுத்த வரிசை, அதற்கடுத்தது என்று எல்லாம் எழுதப்படாமலே 'வெற்றிகரமாக' முடியும். எல்லையைத் தாண்டியவை ஓசையின்றிக் கைவிடப்படுவது இப்படித்தான்.

வரிசை எண்ணும் மாறியை 'இன்டிஜர்' என்று அறிவித்தால் 32,767-க்கு மேல் பிழை எண் 6 வரும். எப்போதும் பெரிய எண்களையும் கொள்ளும் 'லாங்' என்று அறிவிக்க வேண்டும். இதுவும் ரெஸ்யூம் நெக்ஸ்டுக்குப் பின்னால் ஒளிந்தால், மாறி 32,767-லேயே நின்றுவிட, ஒரே வரிசை திரும்பத் திரும்ப மேலெழுதப்படும்.

'எங்களிடம் புது எக்செல்தான் இருக்கிறது, பத்து லட்சம் வரிசை கிடைக்கும்' என்ற நம்பிக்கையும் ஏமாற்றும். வார்ப்புரு பழைய வகையாக இருந்தால் புது எக்செல்லும் அதை ஒத்திசைவு முறையில் திறந்து 65,536 வரிசையோடு நிறுத்திக்கொள்ளும். மேக்ரோவிலிருந்து ஷீட்டின் 'ரோஸ் கவுன்ட்' பண்பைக் கேட்டால் உண்மை தெரியும். சேமிக்கும்போது கோப்பு வகை எண் 56 என்றால் பழையது, 51 என்றால் புதியது, 52 என்றால் மேக்ரோவோடு கூடிய புதியது. பெயரின் வாலை மட்டும் மாற்றினால் வகை மாறாது.

கடைசியாக, வகையை மாற்றிய பிறகு வரும் பொறி. பழைய மேக்ரோக்களில் கடைசி வரிசையைக் கண்டுபிடிக்க ஏ65536 என்ற கலத்திலிருந்து மேலே ஏறும்படி எழுதியிருப்பார்கள். புதிய வகைக் கோப்பில் தரவு 65,536-ஐத் தாண்டினால் அந்தக் கலமே நிரம்பியிருக்கும். அங்கிருந்து மேலே ஏறினால் தரவுத் தொகுதியின் உச்சிக்கு, முதல் வரிசைக்கே போய்விடும். புதிய தரவு இரண்டாவது வரிசையிலிருந்து பழையதன் மேல் எழுதப்படும். கோப்பு வகையை மேம்படுத்துகிறவர்கள் மேக்ரோ முழுவதும் 65536 என்ற எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

வெளியான விவரங்களில் சூத்திரப் பிழை எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2012-இல் ஜே.பி. மார்கன் வங்கியின் லண்டன் வர்த்தகப் பிரிவில் ஏற்பட்ட 'லண்டன் வேல்' நட்டத்தில் ஒரு எக்செல் மாதிரி சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்தது. இடர் மதிப்பு குறைவாகத் தெரிந்தது. அப்படிப்பட்ட பிழையைச் சூத்திரத்தை உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். பி.எச்.இ. வகைப் பிழையை எந்தக் கலத்தைப் பார்த்தாலும் காண முடியாது. ஏறியவை எல்லாம் சரியாகவே இருக்கும். ஏறாதவை ஷீட்டில் இல்லை.

தட்டையாகத் தெரிந்த கோடு

விடுபட்ட எண்ணிக்கை நாள்வாரியாக வெளியானது. செப்டம்பர் 25 அன்று 957, 26 அன்று 744, 27 அன்று 757, 28 அன்று பூஜ்யம், 29 அன்று 1,415, 30 அன்று 3,049, அக்டோபர் 1 அன்று 4,133, 2 அன்று 4,786. கூட்டினால் 15,841.

இடையில் ஒரு நாள் பூஜ்யம் ஆனது முக்கியம். எல்லையைத் தொட்டால் மட்டும் வரும் கோளாறு விட்டுவிட்டு வரும். 'நேற்று பார்த்தேன், சரியாக இருந்தது' என்று நேர்மையாகவே சொல்ல முடியும். இன்னொரு தடயமும் இருந்தது. பிரிட்டன் அறிவித்த அன்றாட எண்ணிக்கை செப்டம்பர் 29 முதல் நான்கு நாட்களுக்கு 7,143, 7,108, 6,914, 6,968. பரவல் ஏறிக்கொண்டிருந்த வாரத்தில் நான்கு நாள் ஒரே மட்டம். பிறகு அக்டோபர் 3 அன்று 12,872, 4 அன்று 22,961 என்று விடுபட்டவையும் சேர்ந்து எகிறியது. ஏற வேண்டிய எண் திடீரென ஒரே மட்டத்தில் படுத்தால், செய்தி நல்லதா கெட்டதா என்று யோசிக்கும் முன் 'எங்கேயாவது கூரை தட்டுகிறதா' என்று பார்க்க வேண்டும். கூரையின் அடையாளம் எளிது: பல கோப்புகளின் வரிசை எண்ணிக்கை துல்லியமாக ஒரே எண்ணாக இருக்கும்.

இன்னொன்றும் கையில் இருந்தது. நோயாளிகளுக்கு முடிவு போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்படியானால் தொற்று உறுதியானவர்களின் எண்ணிக்கை வேறொரு வழியிலும் இருந்திருக்கிறது. 'நேற்று எத்தனை பேருக்குத் தொற்று உறுதி என்று சொன்னோம்', 'தேடல் பிரிவுக்கு எத்தனை பேர் வந்தார்கள்' என்ற இரண்டு எண்ணையும் தினமும் ஒரே தாளில் வைத்திருந்தால் செப்டம்பர் 25-இலேயே 957 என்ற இடைவெளி கண்ணில் பட்டிருக்கும்.

அதே வேலையை எக்செல்லிலேயே ஒழுங்காகச் செய்வது

இந்த வேலைக்குத் தரவுத்தளம்தான் பொருத்தம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பல அலுவலகங்களில் இன்று கையில் இருப்பது எக்செல். நாளைக்கே மாற்ற ஆளும் பணமும் இருக்காது. ஆகவே அதே வேலையை எக்செல்லில் எப்படிக் கட்டுவது என்பதைப் பார்ப்போம்.

முதலில் கோப்புறைகள். 'வரவு', 'முடிந்தது', 'தடை' என மூன்று. ஆய்வகக் கோப்பு வரவில் விழும். கணக்கு ஒத்துப்போனால் முடிந்ததற்கு நகரும், இல்லையென்றால் தடைக்கு. மாலையில் வரவில் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. தடையில் இருப்பதற்கு ஒருவர் பெயர் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும். எந்த ஆய்வகம் எத்தனை மணிக்குள் அனுப்ப வேண்டும் என்ற பட்டியலும் தேவை. வராத கோப்பும் ஒரு கோளாறுதான். காலியான கோப்புறையைப் பார்த்து மேக்ரோ 'வேலை முடிந்தது' என்று சொல்லிவிடக் கூடாது.

செயலி இருக்கும் புத்தகத்தில் நான்கு ஷீட் போதும்: அமைப்பு, பதிவேடு, நிராகரிப்பு, நிலவரம். நோயாளித் தரவு இந்தப் புத்தகத்தில் தங்கவே கூடாது. அது உள்ளே வந்து, சரிபார்க்கப்பட்டு, தனிக் கோப்பாக வெளியே போக வேண்டும். தரவும் நிரலும் ஒரே கோப்பில் இருந்தால் பத்து நாளில் பத்து நகல்கள் உருவாகும். எதில் எந்தப் பதிப்பு மேக்ரோ என்று யாருக்கும் தெரியாது.

கோப்பை உள்ளே எடுக்கும் இடம்தான் அதிகம் கவனிக்க வேண்டியது. சி.எஸ்.வி.யை நேரடியாகத் திறந்தால் எக்செல் ஒவ்வொரு கலத்தையும் தன் ஊகப்படி மாற்றிவிடும். 07-இல் தொடங்கும் 11 இலக்க பிரிட்டிஷ் கைப்பேசி எண்ணின் முன்பூஜ்யம் போய்விடும். தேடல் பிரிவுக்கு வேண்டியதே அந்த எண்தான். 15 இலக்கத்துக்கு மேல் நீளும் மாதிரி எண்ணில் (பரிசோதனைக்கு எடுத்த மாதிரியின் அடையாள எண்) 16-ஆவது இலக்கம் பூஜ்யமாகிவிடும். 03/04 என்பது கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்து ஏப்ரல் 3 ஆகவும் மார்ச் 4 ஆகவும் மாறும். மரபணுப் பெயர்களைத் தேதியாக்கி எக்செல் கெடுத்ததால், 2020-இல் அவற்றுக்குப் பெயர் சூட்டும் குழு சில மரபணுக்களின் பெயரையே மாற்றியது என்பது இந்தப் பழக்கத்தின் வீச்சைக் காட்டும்.

ஆகவே பவர் குவெரி, அதாவது வெளித் தரவை உள்ளே எடுத்து ஒழுங்குபடுத்தும் எக்செல் கருவி. எக்செல் 2016 முதல் டேட்டா தாவலில் உள்ளேயே இருக்கிறது. ஒரு கோப்புறையைக் காட்டினால் உள்ளே உள்ள எல்லாக் கோப்புகளையும் ஒன்றாக எடுக்கும். அதிலும் நான்கு இடங்களைக் கையால் திருத்த வேண்டும். தானாகச் சேரும் 'சேஞ்ச்ட் டைப்' படி முதல் 200 வரிசைகளைப் பார்த்து வகையை ஊகிக்கிறது. அதை நீக்கிவிட்டு எல்லா நெடுவரிசையையும் எழுத்தாகவே எடுத்து, தேவையானவற்றை மட்டும் வட்டாரம் குறிப்பிட்டு மாற்றுங்கள். சி.எஸ்.வி. படிக்கும் படியில் நெடுவரிசை எண்ணிக்கை, உதாரணமாக 12 என்று, நிலையாகப் பதிந்திருக்கும். ஆய்வகம் 13-ஆவது ஒன்றைச் சேர்த்தால் அது ஓசையின்றி உதிரும். அந்த எண்ணை எடுத்துவிட்டு, தலைப்பு வரிசையை அமைப்பு ஷீட்டில் உள்ள பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். மூன்றாவது, முகவரிக்குள் வரிமுறிவு இருந்தால் ஒரு பதிவு இரண்டாக உடையும். மேற்கோள்குறி அமைப்பை 'கோட் ஸ்டைல் சி.எஸ்.வி.' என்று வைத்தால் உடையாது. நான்காவது, வகை மாற்றத்தில் தோற்ற கலங்கள் ஷீட்டுக்கு வரும்போது வெற்றாகத்தான் தெரியும். 'ரிமூவ் எரர்ஸ்' பொத்தானை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். பிழையுள்ள வரிசைகளை மட்டும் பிடிக்கும் தனிக் குவெரி ஒன்றை எழுதி நிராகரிப்பு ஷீட்டில் இறக்குங்கள்.

அடுத்தது அடையாள எண். இங்கிலாந்தின் என்.எச்.எஸ். எண் 10 இலக்கம், கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. முதல் ஒன்பது இலக்கத்தை முறையே 10, 9, 8 எனத் தொடங்கி 2 வரை பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்து வரும் மீதியை 11-இலிருந்து கழிக்க வேண்டும். விடை 11 என்றால் இலக்கம் 0. 10 என்றால் எண்ணே செல்லாது. 999-இல் தொடங்குபவை சோதனைக்கென ஒதுக்கப்பட்டவை என்பதால் 999 000 0018-ஐ எடுத்துக்கொள்வோம்: 90 + 81 + 72 + 2 = 245; 11-ஆல் வகுத்தால் மீதி 3; 11-இலிருந்து கழித்தால் 8; கடைசி இலக்கத்தோடு பொருந்துகிறது. எக்செல்லில் 'சம்ப்ராடக்ட்', 'மிட்', 'மாட்' மூன்றையும் சேர்த்து ஒரே சூத்திரத்தில் எழுதிவிடலாம். தோற்ற எண்ணுள்ள ஆளை வெளியே தள்ளக் கூடாது. அவருக்கும் தொற்று இருக்கிறது. எண்ணில் சந்தேகம் என்ற குறியோடு அவர் தொடர வேண்டும்.

மூன்று சமன்பாடு

பதிவேடு ஷீட்டில் கோப்புக்கு ஒரு வரிசை. கோப்பின் பெயர், பைட் அளவு, வந்த நேரம், அனுப்பியவர் சொன்ன எண்ணிக்கை, படித்தது, இரட்டையாக வந்தது, நிராகரித்தது, எழுதியது, மறுபடி எண்ணியது, மேக்ரோவின் பதிப்பு, இயக்கியவர். இவற்றை வைத்து மூன்று சமன்பாடு.

படித்தது, அனுப்பியவர் சொன்னதற்குச் சமமா? இதற்கு ஆய்வகம் ஒவ்வொரு கோப்போடும் பதிவு எண்ணிக்கையைத் தனியே தர வேண்டும். ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டிய விஷயம் இது. படித்தது, எழுதியதும் நிராகரித்ததும் இரட்டையும் சேர்ந்த கூட்டுக்குச் சமமா? எழுதியது, வெளியீட்டுக் கோப்பை மூடி மறுபடி திறந்து எண்ணியதற்குச் சமமா? மூன்றாவதைத்தான் பலரும் தேவையில்லை என்று விடுகிறார்கள். 65,536-இல் அறுபட்ட கோப்பு சிக்குவது அங்கேதான், ஏனென்றால் 'எத்தனை எழுதினேன்' என்று மேக்ரோ வைத்திருக்கும் எண் அதன் எண்ணத்தில் இருப்பது. கோப்பில் இருப்பது வேறாக இருக்கலாம். மூன்றையும் வரிசை அளவிலும் ஆள் அளவிலும் இரண்டு முறை பார்க்க வேண்டும். மாதிரி எண்களின் கடைசி ஆறு இலக்கங்களைக் கூட்டி இரு பக்கமும் ஒப்பிட்டால், எண்ணிக்கை சரியாக இருந்து ஆள் மாறிப்போன வகையும் சிக்கும்.

மேக்ரோவில், அறிவிக்காத மாறியை ஏற்காத 'ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்' முதல் வரி. ரெஸ்யூம் நெக்ஸ்ட் வேண்டுமென்றால் ஒரே ஒரு கட்டளையைச் சுற்றி மட்டும், அடுத்த வரியிலேயே பிழை எண்ணைப் பார்த்துவிட்டு அணைக்க வேண்டும். மற்ற இடங்களில் பிழை வந்தால் ஒரே இடத்துக்குத் தாவி, எண்ணையும் விளக்கத்தையும் பதிவேட்டில் எழுதி, அணைத்த எச்சரிக்கைகளையும் தானியங்கிக் கணக்கீட்டையும் திரும்ப உயிர்ப்பித்துவிட்டு நிற்க வேண்டும். நிலவரக் கலம் தொடக்கத்திலேயே 'முடியவில்லை' என்று இருக்கட்டும்; மூன்று சமன்பாடும் தேறிய பிறகு, நிரலின் கடைசி வரிதான் அதை 'முடிந்தது' ஆக்க வேண்டும். நடுவில் மின்சாரம் போனாலும் கலம் உண்மையைச் சொல்லும்.

எழுதும்போது கலம் கலமாக எழுதாமல் 50,000 வரிசைத் தொகுதிகளாக நினைவகத்தில் சேர்த்து ஒரே வீச்சில் எழுதினால் நேரம் பெருமளவு மிச்சமாகும். தொகுதி பிரிப்பு இன்னொரு வகையிலும் உதவும்: பி.எச்.இ. கடைசியில் செய்த உடனடித் தீர்வும் தரவைச் சிறு தொகுதிகளாக உடைத்ததுதான். ஆனால் ஓர் ஆளின் வரிசைகள் இரண்டு தொகுதிக்கு நடுவே பிளக்கக் கூடாது; மாதிரி எண் மாறும் இடத்தில்தான் வெட்ட வேண்டும்.

சமன்பாடு தோற்றால் என்ன செய்வது? கணக்கு வழக்கில் 'எல்லாவற்றையும் நிறுத்து' என்பது சரியான பதில். தொற்று விஷயத்தில் அது தவறு. நிறுத்தி வைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் யாரோ ஒருவர் வெளியே நடமாடுகிறார். தேறிய ஆட்களை உடனே தேடல் பிரிவுக்கு அனுப்பிவிட்டு, தேறாதவர்களின் எண்ணிக்கையைக் கண்ணில் படும் இடத்தில் நிறுத்தி, வெளியிடும் மொத்த எண்ணில் 'முழுமையற்றது' என்று குறிப்பதே சரி என்பது எங்கள் கருத்து.

எச்சரிக்கை எந்த அளவில்

கொள்ளளவில் 80 சதவீதத்தில் எச்சரிக்கை வைப்பது பலருடைய பழக்கம். மாதம் இரண்டு சதவீதம் வளரும் விற்பனைப் பட்டியலுக்கு அது தாராளம். வாரத்துக்கு இரட்டிப்பாகும் தரவுக்கு 80-இலிருந்து 100-க்குப் போக இரண்டே கால் நாள் போதும். வெள்ளி மாலை எச்சரிக்கை வந்தால் திங்கள் காலைக்குள் கூரை தட்டிவிடும். அதே தரவுக்கு 50 சதவீதத்தில் வைத்தால் ஒரு வாரம், 25 சதவீதத்தில் வைத்தால் இரண்டு வாரம் கிடைக்கும். எல்லையை நெருங்கினால் மாற்று ஏற்பாட்டுக்கு எத்தனை நாள் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு இந்த எண்ணை அமைப்பு ஷீட்டில் எழுதுங்கள். மேக்ரோவுக்குள் எழுதாதீர்கள்.

சோதனைத் தரவு

உண்மைத் தரவைப் போட்டு 'ஓடுகிறது' என்று பார்ப்பது சோதனை ஆகாது. விளிம்புகளைப் பார்க்க வேண்டும்: 0 பதிவு, 1 பதிவு, 32,767, 32,768, தலைப்போடு சேர்த்து 65,536, 65,537, பிறகு 10,48,576, 10,48,577. தலைப்பு மட்டும் உள்ள கோப்பு. தலைப்பே இல்லாத கோப்பு. நேற்றைய கோப்பு இன்று அதே பெயரில் மறுபடி. அதே கோப்பு வேறு பெயரில். முகவரிக்குள் வரிமுறிவு. வேல்ஸ் மொழிக் குறியெழுத்துள்ள பெயர், யூ.டி.எஃப்.-8 என்று குறியீட்டு முறையைச் சொல்லாவிட்டால் சிதையும். பிப்ரவரி 30. ஏற்றிக்கொண்டிருக்கும்போதே எக்செல்லைக் கொல்வது. ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்க்கும் பதிவேட்டு வரிசையை முன்கூட்டியே எழுதி வைத்து, மேக்ரோவில் ஓர் எழுத்து மாறினாலும் எல்லாவற்றையும் திரும்ப ஓட்ட வேண்டும். இந்தக் கோப்புகளை உருவாக்க ஒரு சின்ன மேக்ரோ எழுதிவிட்டால் பிறகு சிரமமில்லை.

ஷீட் பாதுகாப்புக் கடவுச்சொல்லை நம்பி நோயாளித் தரவை வைக்கக் கூடாது. அது தவறுதலாகச் சூத்திரத்தை அழிக்காமல் தடுக்கத்தான். கோப்பைத் திறப்பதற்கே கேட்கும் கடவுச்சொல்தான் உள்ளே இருப்பதைக் குறியாக்கம் செய்கிறது.

தரவுத்தளத்துக்கு மாறும் கட்டம்

ஒரே நேரத்தில் இருவர் எழுத வேண்டிய நிலை வந்தால், யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்ட வேண்டியிருந்தால், மொத்தப் பதிவுகள் ஒரு ஷீட்டில் அடங்காத நிலை வந்தால், மூன்றில் ஒன்று போதும், எக்செல்லைக் குழாயாக வைத்திருக்கக் கூடாது. தரவுத்தள மென்பொருள்களில் போஸ்ட்கிரெஸ்கியூஎல் இலவசம், எஸ்.கியூ.எல். சர்வர் 2022-இன் இலவசப் பதிப்பு ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜி.பி. வரை கொள்ளும். எக்செல் அறிக்கை பார்க்கும் முனையாகத் தொடரலாம்; பவர் குவெரி நேராகத் தரவுத்தளத்திலிருந்து சுருக்கத்தை மட்டும் இழுக்கும்.

மாற்றும்போது பழையதும் புதியதும் இரண்டு வாரம் சேர்ந்து ஓட வேண்டும். இரண்டும் ஒரே கோப்புகளைப் படிக்கும். பதிவேடுகள் இரண்டையும் தினமும் ஒருவர் ஒப்பிடுவார். வேறுபாடு வரும் நாளில் காரணம் எழுதப்படும், நாள் கணக்கு திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும். 14 நாள் தொடர்ந்து ஒத்துப்போன பிறகே பழைய புத்தகத்தைப் படிக்க மட்டும் என்று பூட்டலாம். அதன் பதிவேடு ஷீட்டை மட்டும் புதிய தரவுத்தளத்துக்குள் கொண்டுபோய் வையுங்கள். முன்பு எந்த நாளில் எத்தனை பதிவு ஏறியது என்று யாராவது கேட்டால் பதில் அதில்தான் இருக்கும்.